சிசேரியன் தழும்பும் அதன்மேல் பூசிய நான்கும்: வன்னியிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

தையல் வெட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும் தாய்மார் என்னிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒன்றைத்தான்: "மிஸ்ஸி, இந்த அடையாளம் போக என்ன கிறீம் பூசலாம்?" எப்போது பூசலாம் என்று கேட்பவர்கள் குறைவு. எதற்காகப் பூசுகிறோம் என்று கேட்டவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. இங்கே நான் எழுதப்போகும் தங்கச்சியும் அப்படித்தான் கேட்டார். பத்து மாதத்துக்குள் அவருடைய சிசேரியன் தழும்பின்மேல் நான்கு வகையான பொருட்கள் ஏறின. அவற்றில் மூன்று, ஏறியிருக்கவே தேவையில்லாதவை.

நான் வன்னியில் குடும்பநல உத்தியோகத்தராக, அதாவது மருத்துவிச்சியாக, வேலை செய்கிறேன். முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு குளத்தின் கீழ் வயல் செய்யும் சில கிராமங்கள் என் பிரிவுக்குள் வருகின்றன. அந்தத் தங்கச்சியின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். பெயரையும் ஊரையும் விட்டுவிட்டேன். அவரே சொன்னது: "எழுதுங்கோ அக்கா, இன்னொரு பிள்ளை இதுக்குள்ள போகாமல் இருக்கட்டும்."

வீடும் ஆளும்

வயது 26. முதற்பிள்ளை. கணவர் சொந்தமாக இரண்டு ஏக்கரும் குத்தகைக்கு ஒரு ஏக்கரும் வயல் செய்கிறார். வீட்டில் தாயும் அம்மம்மாவும் இருக்கிறார்கள். பிரான்சில் ஒரு சித்தி. நீரிழிவு இல்லை, இரத்தச்சோகை லேசாக இருந்தது, கர்ப்ப காலத்தில் இரும்புச்சத்துக் குளிசை ஒழுங்காக எடுத்தவர்.

மார்கழி மழைக்குள் பிள்ளைவலிக் குத்து எழும்பி ஆஸ்பத்திரிக்குப் போனார். பிள்ளையின் இதயத்துடிப்பு குறையத் தொடங்கியதால் அவசர சிசேரியன் செய்தார்கள். அடிவயிற்றில் குறுக்கே வெட்டு, ஏறத்தாழ 14 சென்றிமீற்றர். நைலோன் தையல். மூன்றாம் நாள் வீட்டுக்கு விட்டார்கள், ஏழாம் நாள் தையல் வெட்டினார்கள். வெட்டும்போது சொன்னது இவ்வளவுதான்: "காயம் நல்லா ஆறியிருக்கு, இனிப் பிரச்சினை இல்லை." அந்தச் சொல்லில் பிழை இல்லை. காயம் மூடித்தான் இருந்தது. ஆனால் தழும்பின் கதை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. அந்தக் கதையைச் சொல்ல அன்றைக்கு யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

நான்காம் நாளும் ஒன்பதாம் நாளும்

பிள்ளை பிறந்த வீட்டுக்கு முதல் பத்து நாளுக்குள் இரண்டு தரம் போகவேண்டும், பிறகு 14க்கும் 21க்கும் இடையில் ஒரு தரம், 42ஆம் நாளையொட்டி இன்னொரு தரம். நான்காம் நாள் போனபோது காயம் காய்ந்து, ஓரங்கள் ஒட்டி, சுத்தமாக இருந்தது. காய்ச்சல் இல்லை. பால் நன்றாக இறங்கியிருந்தது.

ஒன்பதாம் நாள் போனபோது வாசலில் கால் வைத்ததுமே, தாயைக் குளிக்கவார்க்கும் வேதுத் தண்ணீர் கொதிக்கும் வாசம் வந்தது. நொச்சியும் ஆமணக்கிலையும் பாவட்டையும் போட்டு அண்டாவில் அவித்துக்கொண்டிருந்தார்கள். காயத்தைப் பார்க்கத் துணியை விலக்கினேன். இடுப்பில் இருந்து இடுப்புவரை மஞ்சள். நல்லெண்ணெயில் குழைத்த மஞ்சள், இரண்டு விரல் அகலத்துக்கு.

அம்மம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டார். "என்ன மிஸ்ஸி, மஞ்சளும் கூடாதோ?" என்று கேட்டுவிட்டுத் தன் சேலையைக் கொஞ்சம் உயர்த்திக் கெண்டைக்காலைக் காட்டினார். உள்ளங்கை அகலத்தில் குழிந்த தழும்பு. "இது 2009 இல பட்டது. மருந்தும் இல்லை, பஞ்சும் இல்லை. உப்புத்தண்ணியில கழுவி மஞ்சள் அப்பினன். காலை எடுக்கவேணும் எண்டவை. நான் இந்தா நடக்கிறன்."

இதற்கு எதிராக என்ன பேசுவது? வன்னியில் மஞ்சளை மூடநம்பிக்கை என்று சொல்லிவிட்டு எழும்பிப் போக முடியாது. அது ஒன்றுமே இல்லாத காலத்தில் கையில் இருந்த ஒரே மருந்து. நான் அவரிடம் சொன்னது இதைத்தான்: அம்மம்மா, உங்கட கால் திறந்த புண். இது உள்ளுக்குள் பிள்ளைப்பை வரைக்கும் வெட்டித் தைத்த காயம். வெளியில் சிவப்பு ஏறுகிறதா, நீர் கசிகிறதா என்று நான் கண்ணால் பார்க்கவேணும். மஞ்சள் பூசினால் சிவப்புத் தெரியாது.

அந்தக் கடைசி வார்த்தைதான் அவருக்கு விளங்கியது. வெந்நீரில் துணி நனைத்துத் தானே துடைத்துவிட்டார். துடைத்த பிறகுதான் இடது ஓரத்தில் அரைச் சென்றிமீற்றருக்கு ஈரமாக ஒரு புள்ளி இருப்பதைக் கண்டேன். தையல் வெட்டிய துளைதான், சீழ் இல்லை. உப்புநீரால் துடைத்து, காயவிட்டு, காற்றுப்படும்படி பருத்தித்துணி மட்டும் போடச் சொன்னேன். வேதுத் தண்ணீரை வயிற்றில் அடித்து ஊற்றவேண்டாம், தோளில் இருந்து வழியவிட்டால் போதும் என்றும் சொன்னேன்.

அன்றைக்கு மேசையில் ஒரு கிறீம் பெட்டி இருந்தது. பிரான்சில் இருந்து சித்தி யாரிடமோ கொடுத்துவிட்டது. தழும்பை மறைக்கும் என்று படம் போட்ட பெட்டி, விற்றமின் ஈயும் வெங்காயச் சாறும் சேர்ந்தது. "இப்ப பூசாத தங்கச்சி" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். ஏன் பூசக்கூடாது, எப்போது பூசலாம் என்று சொல்லவில்லை. மழை கட்டிக்கொண்டு வந்தது, இன்னும் இரண்டு வீடு இருந்தது. இந்த நிகழ்வில் நான் விட்ட பிழை இதுதான்.

தோலுக்குள் நடப்பது

வெட்டுப்பட்ட தோல் மூன்று கட்டமாக ஆறுகிறது. முதல் சில நாள் வீக்கமும் சூடும். பிறகு ஏறத்தாழ மூன்று கிழமை புதிய இழையமும் சிறு இரத்தக் குழாய்களும் முளைக்கும், கொலாஜன் நார் அள்ளிக்கொட்டப்படும். அதன் பிறகு ஒரு வருடம், சிலருக்கு இரண்டு வருடம், அந்த நாரை உடல் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைத்து ஒழுங்காக அடுக்கும். மூன்றாம் கிழமையில் காயத்தின் பலம் பழைய தோலின் கால்பங்கையொட்டித்தான் இருக்கும். மூன்று மாதத்தில் 80 சதவீதம் வரை வரலாம். நூறுக்கு வருவதே இல்லை.

தழும்புக் கிறீம்கள் எல்லாம் அந்தக் கடைசிக் கட்டத்துக்குரியவை. காயம் முழுதாக மூடி, பொருக்கு தானாக உதிர்ந்த பிறகு. அதற்கு முன் பூசினால் கிறீமில் இருக்கும் வாசனையும் பதப்படுத்தியும் மூடாத தோலினூடாக நேராக உள்ளே போகின்றன. அந்த நாட்களில் தோலுக்கு வேண்டியதெல்லாம் சுத்தமும் கொஞ்சம் ஈரப்பசையும்தான். மணமில்லாத வெள்ளை வஸலின் போதும். 1996 இல் அமெரிக்காவில் 900க்கு மேற்பட்ட நோயாளர்களின் சிறு சத்திரசிகிச்சைக் காயங்களில் வஸலினையும் அன்ரிபயோட்டிக் களிம்பையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கிருமித் தொற்றில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை, வஸலின் பூசியவர்களில் ஒருவருக்கும் ஒவ்வாமை வரவில்லை. ஒரு டப்பா வஸலின் எங்கள் சந்திக் கடையிலேயே இருக்கிறது.

பதினேழாம் நாள்

மூன்றாவது தரம் போனபோது தங்கச்சி படுக்கமுடியாமல் இருந்தார். கடி, அதாவது அரிப்பு. இரவெல்லாம் கடி. துணியை விலக்கினால், சிவந்து, நெல்மணியைவிடச் சிறிய நீர்க்கொப்புளங்களோடு ஒரு பட்டை. முதலில் எனக்குப் பயம் பிடித்தது, காயத்தில் கிருமி பிடித்துவிட்டதோ என்று. பிறகு பட்டையின் வடிவத்தைப் பார்த்தேன். காயம் ஒரு கோடு. சிவப்போ காயத்துக்கு மேலே இரண்டு விரல், கீழே இரண்டு விரல், இரண்டு நுனியிலும் வட்டமாக முடிந்தது. விரலால் கிறீமை இழுத்து முடித்த இடம் அப்படியே தெரிந்தது. கிருமியாக இருந்தால் அது காயத்தின் வழியே போயிருக்கும். இது கை போன வழியே போயிருந்தது.

கேட்டேன். பத்தாம் நாளில் இருந்து பூசியிருக்கிறார், காலையும் இரவும், "சித்தி காசு செலவழிச்சு அனுப்பினது, பூசாமல் விட்டால் மனவருத்தப்படுவா." காய்ச்சல் இல்லை, சீழ் இல்லை, காயம் விரியவில்லை. இருந்தாலும் சிசேரியன் தாய் என்றபடியால் அன்றே வைத்தியரிடம் அனுப்பினேன். தொடுகை ஒவ்வாமை என்று உறுதிப்படுத்தி, கிறீமை நிறுத்தி, ஹைட்ரோகோட்டிசோன் என்ற மென்மையான ஸ்ரெரொயிட் களிம்பை ஐந்து நாளைக்கு மட்டும் கொடுத்தார்கள். ஒரு கிழமையில் அடங்கியது.

விற்றமின் ஈ தழும்பைக் கரைக்கும் என்பது எங்கள் ஊரில் மட்டும் இருக்கும் நம்பிக்கை இல்லை. குளிசையைக் குத்தி எண்ணெயை எடுத்துப் பூசுபவர்களும் இருக்கிறார்கள். 1999 இல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வில் 15 பேருடைய சத்திரசிகிச்சைத் தழும்பின் ஒரு பாதிக்கு விற்றமின் ஈ சேர்ந்த களிம்பும் மறுபாதிக்குச் சேராததும் பூசினார்கள். பத்தில் ஒன்பது பேருக்கு அது ஒன்றும் செய்யவில்லை, அல்லது தழும்பை மோசமாக்கியது. மூன்றில் ஒருவருக்கு ஒவ்வாமை. ஆய்வு சிறியதுதான். ஆனால் நான் கண்ட பட்டையும் அதே கதையைத்தான் சொன்னது. வெங்காயச் சாற்றுக் கிறீம்களைப் பற்றி முடிவுகள் இரண்டு பக்கமும் இருக்கின்றன. மூடிய, வயதான தழும்பில் பூசினால் பெரிய கெடுதல் இல்லை, பெரிய பலனை எதிர்பார்க்கவும் கூடாது.

இந்த இடத்தில் சாப்பாட்டையும் சொல்லவேண்டும், ஏனென்றால் தழும்பு மேலே பூசுவதால் மட்டும் உருவாவதில்லை. பதினேழாம் நாள் அவருடைய கோப்பையில் சோறும் சரக்குக் கறியும் பொரித்த வாழைக்காயும் இருந்தன. மீன் இல்லை, முட்டை இல்லை. "கிரந்தி, மிஸ்ஸி. புண் காயாது" என்றார் தாய். கத்தரிக்காய், இறால், நண்டு, பூசணி எல்லாம் கிரந்திப் பட்டியலில் இருந்தன. பட்டியலோடு சண்டை பிடிக்கவில்லை. பட்டியலில் இல்லாததைத் தேடினோம். குளத்து மீன் சரக்கு அரைத்து வைக்கலாம் என்று அம்மம்மாவே சொன்னார். முருங்கையிலை, அவித்த முட்டை, பயறு, நெல்லி. காயத்தின் நார் புரதத்தால் ஆனது, விற்றமின் சி இல்லாமல் அது இறுகாது. பால் கொடுக்கும் தாய்க்கு இரண்டு மடங்கு கவனம் வேண்டும். அடுத்த நாளில் இருந்து மீன் வந்தது.

காணாமற்போன கடியும் திரும்பி வந்த வளையமும்

42ஆம் நாள் தழும்பின் வலப்பக்கம் லேசாகத் தடித்துச் சிவந்திருந்தது. ஆறாம் கிழமையில் தழும்பு சிவந்து, தடித்து, கடிப்பது பெரும்பாலும் வழமைதான். மூன்று நான்கு மாதம்வரை அது மோசமாகித்தான் பிறகு அடங்கும். அதைச் சொன்னேன், பார்ப்போம் என்றேன். இரண்டாம் மாதத் தடுப்பூசிக்குப் பிள்ளையைக் கொண்டுவந்தபோது "கடி இல்லை அக்கா, சுகம்" என்றார். மகிழ்ந்தேன்.

நான்காம் மாதத் தடுப்பூசிக்கு வந்தபோது திரைச்சீலைக்குப் பின்னால் என்னைக் கூப்பிட்டார். தழும்பின் வலப்பக்கம் 5 சென்றிமீற்றருக்கு, ஒரு சப்பாத்துக் கயிறு தோலுக்குள் ஓடியதுபோல உருண்டு நின்றது. 3 அல்லது 4 மில்லிமீற்றர் உயரம். சுற்றியிருந்த தோல் மெல்லியதாக, பளபளப்பாக, சிறு இரத்தக் குழாய்கள் தெரியும்படி. அதற்குக் கீழே அடிவயிற்று மடிப்பில் ஓரம் சிவந்த, நடுவெளிறிய பெரிய வளையங்கள், ஒன்றோடொன்று கோத்ததுபோல.

கைப்பையில் இருந்து ஒரு சிறிய ரியூப்பை எடுத்தார். அடியில் இருந்து சுருட்டிச் சுருட்டிக் கடைசித் துளிவரை எடுத்த ரியூப். கணவர் பட்டணத்துப் பாமசியில் "கடிக்கு நல்ல மருந்து" என்று கேட்டு வாங்கியது. வைத்தியர் எழுதிய மருந்துத் துண்டு இல்லாமல் கொடுத்திருக்கிறார்கள். இது மூன்றாவதோ நான்காவதோ ரியூப். குளோபிற்றசோல். தோலுக்குப் பூசும் ஸ்ரெரொயிட்களிலேயே மிக வலுவான வகுப்பைச் சேர்ந்தது. வைத்தியர் சொல்லிப் பூசினாலும் வழமையாக இரண்டு கிழமைக்கு மேல் விடமாட்டார்கள். இவர் பூசியது பத்துக் கிழமைக்கு மேல்.

அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரவில் மூன்று தரம் எழும்பிப் பால் கொடுக்கும் ஒருவருக்கு, கடி நின்றால் அந்தக் களிம்பு கடவுள்மாதிரி. ஸ்ரெரொயிட் அப்படித்தான் வேலை செய்யும், முதல் நாளே சுகம் காட்டும். தோலின் காவலையும் சேர்த்து அது அடக்குவதால் வியர்வை மடிப்பில் இருந்த பங்கசு (பூஞ்சணம்) சத்தமில்லாமல் பரவும், வளையத்தின் வழமையான முகமும் மாறிவிடும். தழும்பு மட்டும் மேற்பூச்சுக்குப் பணியவில்லை. சுற்றுத் தோல்தான் மெலிந்தது. அதே கையால் பிள்ளையைத் தூக்குகிறோம், அதே வயிற்றில் பிள்ளையைப் படுக்கவைக்கிறோம் என்பதை அவர் நினைத்திருக்கவில்லை. சொன்னபோது ரியூப்பை என் கையில் தந்துவிட்டுத் தன் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

தோல் கிளினிக்கில்

அடுத்த கிழமை தோல் நோய் கிளினிக்குக்குப் போனார்கள். வைத்தியர் தழும்பைப் பார்க்குமுன் தங்கச்சியின் இடது புயத்தைப் பார்த்தார், பிறகு இரண்டு காதையும் தடவிப் பார்த்தார். இது எனக்கு மிகவும் பிடித்தது. எங்கள் நாட்டில் பிறந்தவுடன் காசநோய்க்கான பீசீஜீ ஊசியை இடது புயத்தில்தான் போடுகிறார்கள். அந்த அடையாளம் தட்டையாக இருக்கிறதா, உருண்டு நிற்கிறதா, காது குத்திய இடத்தில் கட்டி வந்ததா என்பதைப் பார்த்தால் அந்த உடம்பு தழும்பை எப்படிப் போடும் என்று ஓரளவு தெரிந்துவிடும். இவருக்கு இரண்டும் தட்டை. தடிப்பும் வெட்டின் கோட்டைத் தாண்டவில்லை. எனவே கீலோயிட் அல்ல, தடிப்புத் தழும்பு என்றார்.

வித்தியாசம் பெரியது. தடிப்புத் தழும்பு காயத்தின் எல்லைக்குள் நிற்கும், காலப்போக்கில் தானாகவும் இறங்கும். கீலோயிட் எல்லையைத் தாண்டி நல்ல தோலுக்குள் படரும், தானாக இறங்காது, வெட்டி எடுத்தாலும் திரும்பி வரும். எங்களைப்போன்ற கறுத்த தோலில் அது கூடுதல், நெஞ்சு, தோள், காதுமடலில் அதிகம்.

ஸ்ரெரொயிட் களிம்பை நிறுத்தினார்கள். பங்கசுக்கு வேறு கிறீம், நான்கு கிழமை. நிறுத்திய முதல் பத்து நாள் சிவப்பும் எரிவும் முன்னைவிடக் கூடியது. அது வரும் என்று வைத்தியர் முன்பே சொல்லியிருந்ததால்தான் திரும்பவும் பாமசிக்குப் போகாமல் இருந்தார்கள். வளையங்கள் மறைந்து தோல் அமைதியான பிறகு நான்காவது பொருள் வந்தது, சிலிக்கோன். அது இரண்டு மூன்று மாதத்தில் பலன் தராவிட்டால் தழும்புக்குள்ளேயே ட்ரையம்சினொலோன் என்ற ஸ்ரெரொயிட் ஊசி, நான்கு முதல் ஆறு கிழமைக்கு ஒன்று. கைக்குழந்தையோடு அவ்வளவு தூரம் பஸ் ஏறவேண்டிய பயத்திலேயே சிலிக்கோனை ஒழுங்காகப் பாவித்ததாகத் தங்கச்சி பிறகு சொன்னார்.

சிலிக்கோனும் சித்திரை வெயிலும்

தழும்புக்கு மேலே பூசும், ஒட்டும் பொருட்களில் பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்டது சிலிக்கோன்தான். 1980களின் தொடக்கத்தில் தீக்காயத் தழும்புகளில் பாவிக்கத் தொடங்கினார்கள். அதற்குள் மருந்து எதுவும் இல்லை. தழும்பின்மேல் ஒரு மூடியைப்போல இருந்து ஈரம் ஆவியாகாமல் தடுக்கிறது. ஈரம் நின்றால் கீழே இருக்கும் கலங்கள் நாரைக் கொட்டுவதைக் குறைக்கின்றன என்பதே இப்போதைய விளக்கம். ஆய்வுகளின் தரம் பலவீனம் என்று தொகுத்துப் பார்த்தவர்களே சொல்கிறார்கள். ஆனால் கெடுதல் குறைவு, பால் கொடுக்கும் தாய்க்கும் தடை இல்லை.

பெட்டியில் எழுதியிருந்தது: ஒரு நாளைக்கு 12 மணித்தியாலத்துக்குக் குறையாமல், இரண்டு மூன்று மாதம். எழுதியவர் வன்னியின் சித்திரை மாதத்தைக் கண்டிருக்கமாட்டார். தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம் இரண்டு மணிக்கு அந்தச் சிலிக்கோன் தகட்டை ஒட்டினால் ஒரு மணித்தியாலத்தில் கீழே வியர்வை குளம்கட்டும். இரண்டாம் நாளே வியர்க்குரு வந்தது. விட்டுவிட நினைத்தார்கள்.

கிளினிக்கில் கேட்டு ஒழுங்கை மாற்றினோம். பகலில் தகடு வேண்டாம், சிலிக்கோன் ஜெல். குளித்து, ஒற்றித் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு பயறளவு ஜெல், தழும்பில் மட்டும். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக இழுக்கவேண்டும். ஐந்து நிமிடத்தில் காயாமல் பிசுபிசுத்தால் பூசியது கூடிவிட்டது என்று அர்த்தம். முதல் கிழமை அவர் பூசியது அப்படித்தான், பாவாடையில் ஒட்டிக்கொண்டு போனது பாதி. இரவில் தகடு. தடித்த 5 சென்றிமீற்றருக்கு மட்டும் ஒரு விரல் அகலத்தில் வெட்டினால் ஒரு தகட்டில் பல துண்டு வரும், செலவும் தாங்கும். காலையில் கழற்றி, மென்மையான சவர்க்காரத்தில் கழுவி, துடைக்காமல் காற்றில் காயவைத்து, திரும்ப ஒட்டலாம். ஒட்டும் தன்மை போகும்வரை ஒரே துண்டு போதும். அவர் அதைப் பிள்ளையின் பவுடர் டப்பா மூடியில் காயவைப்பார். அம்மம்மாவைத் தவிர யாரும் தொடக்கூடாது என்று சட்டம்.

பாவாடை நாடா சரியாகத் தழும்பின்மேல் இறுகுவதையும் அப்போதுதான் கவனித்தோம். ஒவ்வொரு குனிவுக்கும் அது வலப்பக்கத்தை இழுத்தது. நாடாவைத் தொப்புளுக்கு மேலே கட்டினார், வீட்டில் தளர்ந்த நைற்றி. இழுபடும் தோல்தான் தடிக்கும். இந்தச் சின்ன மாற்றத்துக்கு ஒரு சதமும் செலவில்லை.

மரத்துப்போன இடம்

தழும்பை விரலால் பிடித்துவிடுவதைச் சொல்லிக்கொடுத்தபோது அவர் கையை வைக்கவே பயந்தார். காரணம் நெடுநேரம் கழித்து வந்தது. "அக்கா, மேல் பக்கம் தொட்டால் ஆரோ வேற ஆளின்ர தோல் மாதிரி இருக்கு. உள்ளுக்குள்ள ஏதும் பிழையோ?" நான்கு மாதமாக இந்தப் பயத்தோடு இருந்திருக்கிறார். ஒருவரிடமும் சொல்லவில்லை, கணவரிடம்கூட. குறுக்கே வெட்டும்போது தோலுக்குப் போகும் சிறு நரம்புகள் அறுபடுகின்றன, தழும்புக்கு மேலே மாதக்கணக்கில் மரத்திருப்பது வழமை, மெல்ல மெல்லத் திரும்பும், சில இடம் திரும்பாமலும் போகலாம் என்றேன். அழுதார். பிறகு தன் கையை வைத்தார்.

பிடிப்பது எண்ணெய் தேய்ப்பதுபோல அல்ல. இரண்டு விரலைத் தழும்பின்மேல் வைத்து, நகம் வெளிறும் அளவுக்கு அழுத்தி, விரல் வழுக்காமல் தோலையே அசைக்கவேண்டும். மேலும் கீழும், பக்கவாட்டில், சிறு வட்டமாக. ஐந்து நிமிடம், காலையும் இரவும், கொஞ்சம் வஸலினோடு. அதைத் துடைத்துக் கழுவிய பிறகுதான் சிலிக்கோன். நன்றாக மூடிய காயத்தில் மூன்று நான்கு கிழமைக்குப் பிறகு இதைத் தொடங்கலாம். நாங்கள் தொடங்கியது ஐந்தாம் மாதத்தில். ஒரு மாதத்தில் அடியோடு ஒட்டியிருந்த தோல் அசையத் தொடங்கியது, கடியும் குறைந்தது.

எது இறக்கியது?

எட்டாம் மாதத்தில் உயரம் ஏறத்தாழ பாதி. பத்தாம் மாதத்தில், ஐப்பசி மழை தொடங்கியபோது, தடிப்பு 1 மில்லிமீற்றர் அளவுக்கு இறங்கி, சிவப்புப் போய், தோலைவிடக் கொஞ்சம் கறுத்த கோடாகிவிட்டது. ஊசி தேவைப்படவில்லை.

சிலிக்கோனாலா? பிடித்துவிட்டதாலா? நாடாவை மாற்றியதாலா? ஆறாம் மாதத்துக்குப் பிறகு தடிப்புத் தழும்பு தானாகவே இறங்கத் தொடங்கும் என்பதும் உண்மை. ஒருவரை வைத்து இதைப் பிரித்துச் சொல்ல முடியாது, சொன்னால் அது நேர்மை இல்லை. உறுதியாகச் சொல்லக்கூடியது, இந்தத் தோலைக் கெடுத்தது எது என்பதுதான். மூடுமுன் பூசிய கிறீமும், துண்டில்லாமல் வாங்கிய களிம்பும்.

இதற்குப் பிறகு என் வேலையில் ஒன்றை மாற்றினேன். ஒன்பதாம் நாள் போகும்போது தழும்பைப் பற்றி உட்கார்ந்து கதைக்கிறேன், வீட்டில் வயது கூடிய பெண்ணையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. மேசையில் இருக்கும் கிறீமை எடுத்து, அதன் பெட்டியிலேயே திகதி எழுதுகிறேன்: இந்த நாளுக்கு முன் திறக்கக்கூடாது. வெறும் "பூசாத" என்ற சொல் சித்தியின் அன்புக்கு முன்னால் நிற்காது, திகதி நிற்கிறது. கிறீமுக்குப் பதிலாகக் கடதாசிப் பிளாஸ்ரரைச் சொல்கிறேன். 2005 இல் அவுஸ்திரேலியாவில் சிசேரியன் செய்த 70 தாய்மாரை வைத்துச் செய்த ஆய்வில், தையலுக்குப் பிறகு 12 கிழமை அந்தப் பிளாஸ்ரரைத் தழும்பின்மேல் ஒட்டியவர்களுக்குத் தடிப்பு ஏறுவது நன்றாகக் குறைந்தது. தோல் இழுபடாமல் பிடித்துவைப்பதுதான் அதன் வேலை. பாமசியில் கிடைக்கும், மலிவு, அதோடு குளிக்கலாம், தானாகக் கழரும்வரை விடலாம். கடித்தால் அல்லது சிவந்தால் எடுத்துவிடவேண்டும்.

காய்ச்சல், சீழ், மணம், காயம் விரிதல், ஒரு பக்கம் கூடிவரும் நோவு. இவற்றில் ஒன்று வந்தாலும் கிறீமைப் பற்றிக் கதைக்கவே கூடாது, அன்றே ஆஸ்பத்திரி. இதையும் அம்மம்மாமாரிடம்தான் சொல்கிறேன். வீட்டில் முதலில் கண்டுபிடிப்பவர்கள் அவர்கள்தான்.

கழுத்தில் தைரொயிட் சத்திரசிகிச்சை செய்துகொண்டு சைக்கிளில் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு மட்டும் இன்னொன்று சொல்வேன். புதுத் தழும்பில் வெயில் பட்டால் அது கறுத்து நிற்கும், எனவே ஒரு வருடத்துக்குச் சால்வையால் மூடிக்கொண்டு போகவேண்டும், மூட முடியாவிட்டால் எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்கிறீம். சிசேரியன் தழும்புக்கு அந்தக் கவலை இல்லை.

கடைசியாகப் பார்த்தது கார்த்திகையில். வலது நுனியில் ஒரு சென்றிமீற்றர் இன்னும் சற்று உயர்ந்தே நிற்கிறது, மழைப் புழுக்கத்தில் சில நாள் கடிக்கிறதாம். தழும்புக்கு மேலே உள்ளங்கை அகலத்தில் மரத்த இடம் இரண்டு விரலாகச் சுருங்கியிருக்கிறது. தகடு போடுவதை நிறுத்திவிட்டார், பிடிப்பதை நிறுத்தவில்லை. நான் கதைத்துக்கொண்டிருக்கும்போதே பிள்ளை தவழ்ந்து வந்து தாயின் மடியில் ஏறி, வயிற்றில் காலை ஊன்றி எழும்பியது. தங்கச்சி முகம் சுளிக்கவில்லை.